வகை தெரியாத தரவு: ‘எனி’யும் ‘அன்நோன்’உம்

அடையாள அட்டை இலக்கம் ஓர் எண்ணா, எழுத்துச்சரமா? பழைய அட்டையில் 9 எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படுவதில் 12 எண்கள் மட்டுமே. இரண்டும் கலந்த பட்டியல் ஒன்று செய்நிரலுக்குள் வரும்போது, பழையது எழுத்துச்சரமாகவும் புதியது எண்ணாகவும் வந்துசேரலாம். செய்நிரல் எழுதும் என்போன்றவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2012 இல் அறிமுகப்படுத்திய ரைப்ஸ்கிரிப்ட் மொழியில் வகைச் சரிபார்ப்பி உண்டு. செய்நிரல் இயங்க முன்னரே அது பிழைகளைச் சுட்டிக்காட்டும். வகை தெரியாத தரவுக்கு அங்கு இரண்டு பெயர்கள் உள்ளன.

முதலாவது ‘எனி’. அதற்குள் எதையும் இடலாம். அதை ஏறத்தாழ எவ்விடத்துக்கும் கொண்டுபோகலாம். பிறந்த ஆண்டை அறிய, இலக்கத்தின் முற்பகுதியை வெட்டியெடுக்கும் கட்டளையை எழுதினால் சரிபார்ப்பி மௌனமாக ஏற்கும். பெறுமதி எண்ணாக வந்தால் செய்நிரல் ஓடும்போதுதான் நின்றுபோகும். ‘எனி’யிலிருந்து கிடைக்கும் விடையும் ‘எனி’யே என்பதால் மௌனம் பரவிக்கொண்டே போகும்.

இரண்டாவது ‘அன்நோன்’, அதாவது அறியப்படாதது. 2018 இல் வெளியான 3.0 பதிப்பில் இது சேர்ந்தது. இதற்குள்ளும் எதையும் இடலாம். ஆனால் எழுத்துச்சரமா என்று சோதிக்காமல் வெட்ட விடாது.

சரிபார்ப்பியை அமைப்பவர்களுக்கும் ‘எனி’ தலையிடிதான். எண் ‘எனி’க்குப் பொருந்தும், ‘எனி’ எழுத்துச்சரத்துக்குப் பொருந்தும். ஆகவே எண்ணும் எழுத்துச்சரத்துக்குப் பொருந்தும் என்று முடிவுகட்டினால் வகைகளுக்கே அர்த்தமில்லை. ஜெரமி சீக், வாலிட் தாகா ஆகிய ஆய்வாளர்கள் 2006 இல் ‘இசைவு’ என்ற தனி உறவை முன்வைத்தனர். அது சங்கிலியாகத் தொடராது. பைதன் மொழியின் ‘எனி’யும் இந்த அடிப்படையிலேயே இயங்குகிறது.

பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைப் படிப்படியாக மாற்றுவோருக்கு ‘எனி’ தேவை. வெளியிலிருந்து வரும் தரவுக்கோ நான் ‘அன்நோன்’ஐயே பரிந்துரைப்பேன். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் என்னவாகும் என்பதை எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ‘ஸ்ரிக்ட்’ தெரிவை இயக்கினால், வகை குறிப்பிடாத மாறிகளுக்குள் ‘எனி’ சொல்லாமல் நுழைவதைச் சரிபார்ப்பி பிழையாகக் காட்டும். ஆனால் ஜேசன் தரவை வாசிக்கும் கட்டளை அப்போதும் ‘எனி’யையே தரும். அந்த விடையை ‘அன்நோன்’ என அறிவித்த மாறியில் வாங்கிச் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள்.