நகையும் எதுகையும் படமும்

தமிழ்க் குழந்தைக்குச் சிரிப்புப் பாட்டுப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. தாலாட்டு ஓய்ந்து கைவீசி ஆடும் பருவம் தொட்டே, பொருளற்ற ஒலியும் பொருந்தாத செயலும் கலந்த பாட்டுகள் வாய்மொழியாக வழங்கி வந்துள்ளன. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் இளமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும், சிரிப்பூட்டும் பாட்டும் படமும் பிரிக்க இயலாதவாறு இணைந்த நூல் நம் குழந்தைகளின் கைக்குக் காலந்தாழ்ந்தே வந்து சேர்ந்தது. அதன் காரணத்தை வரலாற்று வழி நின்று நோக்குவோம்.

திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடமாக ஓதப்பெற்றன. அவை அறிவுறுத்த எழுந்த நூல்கள். சிரிக்க வைக்க எழுந்தவை அல்ல. 20ஆம் நூற்றாண்டிலே இந்நிலை மாறியது. மாற்றியவருள் பலர் கல்விப் பணியாளரே என்பது நமக்குப் பெருமை. யாழ்ப்பாணத்தில் கல்வி அதிகாரியாக இருந்த க. ச. அருள்நந்தி, புலவர்களை ஊக்கிப் பாடச் செய்ததன் பயனாக, 1935இல் 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுப்பு வெளிவந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) 'கத்தரி வெருளி', 'தாடி அறுந்த வேடன்' போன்ற நகைச்சுவைப் பாடல்களைச் சிறுவர்க்கென இயற்றினார். வெருளி என்பது தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் மிரட்ட நிறுத்தும் பொம்மை. அறிவுரை கூறும் முதியவரின் இடத்தில் அசையாப் பொம்மை வந்து நின்றதே ஒரு புதுமை அன்றோ! ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மலரும் மாலையும்' 1938இல் வெளிவந்தது. அதில் 'மழலை மொழி' என்றே ஒரு பகுதி உண்டு. அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. சிரிப்பு வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது.

படம் மட்டும் வாயிலிலேயே நின்றது. ஏன்? பிற மொழிகளை நோக்கினால் விடை புலப்படும். 1846இல் நகைப் பாட்டு நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வர்டு லியர் தாமே ஓவியர். 1923இல் வெளிவந்த 'ஆபோல் தாபோல்' என்னும் வங்க நூலுக்குச் சுகுமார் ராய் தாமே படம் வரைந்தார். அவர் குடும்பம் கல்கத்தாவில் அச்சுக்கட்டைத் தொழில் நடத்தியது. அவர் இலண்டன் சென்று அச்சுக்கலை பயின்றவர். வாத்தின் பெயரையும் முள்ளம்பன்றியின் பெயரையும் புணர்த்து ஒரு விலங்கை அவர் படைத்தார். சொற்புணர்ச்சி பாட்டில் நிகழ, உடற்புணர்ச்சி படத்தில் நிகழ்ந்தது. ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் சுவை குன்றும். நம் புலவர்களோ பாடினார்கள். படம் வேறொருவர் வேலையாயிற்று. ஒவ்வொரு படத்திற்கும் தனி அச்சுக்கட்டை செய்யப் பொருட்செலவும் மிகுதி. ஆகவே, படம் பெரும்பாலும் பாட்டின் தலைப்பில் வைத்த அணியாகவே அமைந்தது.

மற்றொரு தடை யாப்பைப் பற்றியது. அமெரிக்கரான டாக்டர் சூஸ் 236 சொற்களை மட்டும் கொண்டு தொப்பியணிந்த பூனையின் கதையை 1957இல் எழுதினார். ஆங்கிலப் பாட்டின் ஒலிநயம் அடியின் இறுதியில், நம் இயைபுத் தொடை போல, அமைவது. கடைசிச் சொல்லைக் குழந்தை ஊகித்து மகிழும். தமிழின் உயிர்நாடியோ எதுகை. அது அடியின் தொடக்கத்தில் நிற்பது. ஆங்கில நூலைப் பொருள் மட்டும் நோக்கிப் பெயர்த்தால் ஊகத்திற்கு இடமில்லை, சிரிப்பும் இல்லை. ஆனால், முதலடி 'பானை' என்று தொடங்கி அந்தப் பக்கத்தோடு முடியட்டும். அடுத்த அடி 'யானை' என்று தொடங்குமோ எனக் குழந்தை எண்ணும். தாளைத் திருப்பினால் பானைக்குள் யானை அமர்ந்திருக்கும்! இத்தகைய நூலுக்குத் தமிழ் யாப்பு தடையன்று, துணையே ஆகும்.

இந்நாட்டில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பின் தோட்டப் பள்ளிகள் பெருகின. ஆனால், பாடநூல்கள் நெடுங்காலம் தமிழகத்திலிருந்தே வந்தன. கேரித் தீவில் பிறந்த ஆசிரியர் முரசு நெடுமாறன் போன்றோர் இம்மண்ணின் குழந்தைகளுக்கென்றே பாடல்கள் இயற்றினர். சென்னையில் 1996இல் தோன்றிய துலிகா பதிப்பகம் தமிழிலும் படநூல்கள் வெளியிட்டு வருகிறது. அச்சுக்கட்டைக் காலமும் மறைந்தது. இனி எஞ்சியிருப்பது நம் மனத்தடை ஒன்றே.

சிரிப்புப் பாட்டைப் படித்து முடித்ததும், "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அக்கேள்வி எழுந்த கணமே குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய கிள்ளான் பள்ளத்தாக்கில், வீட்டில் மலாயோ ஆங்கிலமோ மிகுதியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் முதலாம் ஆண்டில் வந்து அமர்கின்றனர். தமிழெழுத்து அவர்களுக்குச் சுமையா, விளையாட்டா என்பது அந்த ஓராண்டிலேயே பெரும்பாலும் முடிவாகிறது. ஆகவே ஆசிரிய அன்பர்கள் ஓரடியைப் படித்து, அடுத்த அடியை மறைத்து, எதுகையை ஊகிக்கச் செய்க. நூல் கிடையாவிடில் நாமே நான்கடி எழுதிப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லலாம். படித்துச் சிரித்த பிள்ளை மறுநாளும் நூலைத் தேடி வரும்; நீதி நூல்களும் அப்பிள்ளையை நம்பியே காத்திருக்கின்றன.