சிமெண்ட் தரையில் தாத்தா போட்ட கட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயிலில் கோத்தோங் ரோயோங். திருப்பணிக்காகப் பழைய மண்டபத்தைக் காலி பண்ணினோம். பாய்களைச் சுருட்டும்போது மூலையில் சிமெண்ட் தரையில் கோடுகள் தெரிந்தன. தம்பி ஒருவர், "என்ன அண்ணே இது, யந்திரமா?" என்று கேட்டார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் தொண்டை அடைச்சுக்கிச்சு. அது ஆடு புலி ஆட்டக் கட்டம். சிமெண்ட் காயும் முன்னே ஆணியால் கீறியவர் என் தாத்தா.

தோட்டத்தில் பால் வெட்டு முடிந்து மத்தியானம் இங்கேதான் உட்காருவார். எனக்கு அப்போ எட்டு, ஒன்பது வயசு. மூன்று ரப்பர் கொட்டைதான் புலி. அதன் மேலேயே வரி வரியா இருக்கும், பாருங்க. பதினைந்து கூழாங்கல் ஆடு. உச்சியில் ஒரு புள்ளி, கீழே வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை, அடியில் நாலு, ஆக 23 புள்ளி. ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளி காலியா இருந்தால் புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே முடியாது. புலி நகர முடியாமல் சுற்றி அடைக்கத்தான் முடியும்.

நான் எப்பவும் புலிதான் கேட்பேன். தாத்தா ஆடு வைப்பார். நாலு ஆட்டை வெட்டிட்டு நான் குதிப்பேன், அவர் பேசாமல் அடுத்த கல்லை வைப்பார். கடைசியில் என் மூன்று புலியும் மாட்டிக்கும். "தனியா நிக்கிற ஆடுதான்டா சாகும். முதுகுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு நின்னா புலியால தாவ முடியாது" என்பார்.

இந்த ஆட்டத்துக்குப் பெட்டி, பலகை எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் பழைய கோயில்களின் கல்தரையிலேயே கட்டம் கீறி வைத்திருக்கிறார்கள். நேப்பாளத்திலும் இதே மாதிரி நாலு புலி, இருபது ஆடு வைத்து ஆடுவார்கள். கங்காணி கூட்டி வந்த நம்ம ஆட்கள் துணி மூட்டையோடு கப்பல் ஏறினார்கள். ஆட்டம் தலைக்குள்ளேயே வந்துவிட்டது. 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன்பே சின்னப் பையனாக வந்தவர் தாத்தா.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு, 1942, 43-ல், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். அவருக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக் கொடுத்ததே அந்த அண்ணன்தான். இதை ஒரே ஒரு தடவை, கல்லைக் கையில் வச்சுக்கிட்டே சொன்னார். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. என் ஆட்டத்திலேயே குறியா இருந்தேன். இன்றைக்கு வரை அது மனசில் உறுத்துது.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டுதான். தோட்டம் தாமான் ஆகிவிட்டது, லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. அவர் கையால் போட்டதாக இருப்பது இந்தக் கோடுகள் மட்டும்தான்.

அடுத்த வாரம் தரை உடைத்து டைல்ஸ் போடுகிறார்கள். அது வேண்டியதுதான். தரை மேடு பள்ளம், மழைக்கு வயசானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நானும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியும். டைல்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த இரண்டடி சதுரத்தை மட்டும் மெஷினில் அறுத்து எடுத்து, வெளியே அரச மரத்தடியில் பதிக்கலாம். கூலி நான் தருகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைவரிடம் கேட்கப் போகிறேன். சம்மதம் உள்ளவர்கள் தயவுசெய்து வாங்க. தனி ஆடா நிக்க எனக்குப் பயமா இருக்கு.

உங்க வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை கேளுங்க.