ஒரே தேதி, பல வரலாறு: ஆகஸ்டு 15



நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் நடத்துனர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஒரே தேதியில் இத்தனை பெரிய சம்பவங்கள் நடந்திருக்கின்றனவே, இதற்குள் ஏதாவது கணக்கு இருக்கிறதா? இல்லை, எல்லாம் தற்செயல்தானா?" நல்ல கேள்வி. ஆண்டுக்கு இருப்பது 365 நாள். உலக வரலாறோ பல ஆயிரம் ஆண்டுகளைக் கொண்டது. ஆகவே எந்தத் தேதியை எடுத்தாலும் ஒரு மன்னர் பிறந்திருப்பார், ஒரு போர் முடிந்திருக்கும், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும். அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மலேசியா 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி பிறந்திருக்க வேண்டும். இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் எதிர்ப்புத் தெரிவிக்க, சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாடுகள் சபையின் குழு வந்தது. அதனால் மலேசியாவின் பிறப்பு செப்டம்பர் 16க்குத் தள்ளிப் போனது. அன்றுதான் லீ குவான் யூவின் 40ஆவது பிறந்தநாள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இது தற்செயல்.

ஆனால் தற்செயல் அல்லாத தேதிகளும் உண்டு. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பழைய நாள் ஒன்றை நினைவில் வைத்து, "இதே நாளில் செய்வோம்" என்று தேர்ந்தெடுத்த தேதிகள் அவை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஆகஸ்டு 15 அந்த வகையைச் சேர்ந்தது. நெப்போலியன் பிறந்தது 1769ஆம் ஆண்டு இதே நாளில்தான். பனாமா கால்வாய் திறக்கப்பட்டது 1914ஆம் ஆண்டு இதே நாளில்தான். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டு மூன்று வாரம்கூட ஆகாத நேரம் என்பதால், அவ்வளவு பெரிய கால்வாய் திறந்த செய்தியைக் கவனிக்க ஆள் இல்லை. இவற்றை விட்டுவிடலாம். நம்மைத் தொடும் கதை 1945இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 15, புதன்கிழமை. நண்பகலில் ஜப்பானிய வானொலியில் சக்கரவர்த்தி ஹிரோஹித்தோவின் குரல் ஒலித்தது. அதுவரை அந்தக் குரலை ஜப்பானியப் பொதுமக்கள் கேட்டதே இல்லை. முந்தைய இரவே இசைத்தட்டில் பதிவு செய்துவிட்டார்கள். சரணடைய விரும்பாத இளம் அதிகாரிகள் சிலர் அந்தத் தட்டைக் கைப்பற்ற அரண்மனைக்குள் புகுந்து இரவெல்லாம் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அந்த உரையில் "சரணடைதல்" என்ற சொல்லே இல்லை. அரண்மனை நடையிலான மொழி வேறு. கேட்டவர்களில் பலருக்குப் போர் முடிந்துவிட்டதா, இன்னும் தீவிரமாகப் போரிடச் சொல்கிறாரா என்பதே விளங்கவில்லையாம்.

தோக்கியோவில் நண்பகல் என்றால் அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நண்பகல்தான். ஜப்பானியர் நம் கடிகாரத்தையே மாற்றி வைத்திருந்தார்கள். பழைய மலாயா நேரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரத்தையே இங்கும் நடைமுறைப்படுத்தினார்கள். கடிகாரம் ஒன்றாக இருந்தும் செய்தி மட்டும் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. வெளிநாட்டு வானொலி கேட்பது கடுங்குற்றம். திருட்டுத்தனமாகக் கேட்டவர்கள் வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்கள். சரணடைந்த செய்தி பல நாட்களுக்குப் பிறகே இங்கு மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

அமெரிக்காவில் அப்போது நாள் பிறழ்ந்திருந்தது. அதிபர் ட்ரூமன் அறிவித்தது ஆகஸ்டு 14ஆம் தேதி மாலை. ஆக, ஒரே நிகழ்ச்சிக்கு அங்கே ஒரு தேதி, இங்கே ஒரு தேதி. உலகம் உருண்டை என்பதால் வரும் சிக்கல் இது.

இந்த நாள் சிங்கப்பூரில் இருந்த இன்னொருவருக்கு இடியாக வந்தது. அவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். ரஷ்யாவும் ஜப்பான்மீது போர் தொடுத்த செய்தி வந்தபோது அவர் சிரம்பானில் இருந்தார். உடனே சிங்கப்பூர் திரும்பினார். ஆகஸ்டு 16ஆம் தேதி அங்கிருந்து விமானம் ஏறினார். 18ஆம் தேதி தைப்பேயில் விமான விபத்து. (அந்த விபத்தை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்கு இந்த நிகழ்ச்சியில் நேரம் போதாது.) அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், ஜூலை 8ஆம் தேதி, சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய ராணுவத்தின் மாண்ட வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியிருந்தார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன.

இப்போது நம் கதையின் முக்கிய மனிதர் வருகிறார். லார்டு மவுண்ட்பேட்டன். தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி. மலாயாவைப் போரிட்டு மீட்க அவர் பெரிய திட்டம் வகுத்திருந்தார். செப்டம்பர் 9ஆம் தேதி மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் படை இறங்க வேண்டும். போர் முடிந்துவிட்டபோதிலும் அன்று படை இறங்கியது. மோரிப் சேற்றில் வண்டிகள் புதைந்துகொண்டன. சுட எதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூர் நகராண்மைக் கழகக் கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியத் தளபதி இத்தாகாக்கி கையொப்பமிட்டார். நேதாஜி அடிக்கல் நாட்டிய அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னதும் மவுண்ட்பேட்டன்தான். அது நின்ற இடத்தில் இன்று இருப்பது 1995இல் வைக்கப்பட்ட ஓர் அடையாளப் பலகை மட்டுமே.

அடுத்த ஆண்டு, 1946 மார்ச்சில், ஜவஹர்லால் நேரு சிங்கப்பூர் வந்தார். நேருவும் மவுண்ட்பேட்டனும் முதன்முதலில் சந்தித்தது தில்லியிலும் அல்ல, லண்டனிலும் அல்ல. நம் சிங்கப்பூரில்தான்.

1947ஆம் ஆண்டு மவுண்ட்பேட்டன் இந்தியாவின் வைஸ்ராயாகப் போனார். 1948 ஜூன் மாதத்துக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகப் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்திருந்தார். அதாவது ஓராண்டுக்கு மேல் கால அவகாசம் இருந்தது. ஜூன் 3ஆம் தேதி பிரிவினைத் திட்டம் வெளியானது. மறுநாள் தில்லியில் பத்திரிகையாளர் கூட்டம். எந்தத் தேதியில் ஆட்சி மாறும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் வாயிலிருந்து வந்த தேதி ஆகஸ்டு 15. ஏன் அந்த நாள்? ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதால் தேர்ந்தெடுத்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார்.

ஆகவே நேயர்களே, இந்தியாவின் சுதந்திர நாள் ஒரு வகையில் நம் வட்டாரத்துப் போரின் முடிவு நாள். தில்லியில் கொடி ஏறிய தேதியைத் தீர்மானித்தது தென்கிழக்காசியாவில் கிடைத்த வெற்றியின் நினைவு. பள்ளிப் புத்தகத்தில் இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த நினைவுக்குக் கொடுத்த விலை சிறியதல்ல. ஜூன் 3இலிருந்து ஆகஸ்டு 15 வரை 73 நாள். ஒரு தோட்டத்தைத் துண்டாடி விற்பதற்குக்கூட அதைவிட அதிக நாள் பிடிக்கும். எல்லைக் கோடு போட வந்த ராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்ததே ஜூலை 8ஆம் தேதி. அதற்கு முன் அவர் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. ஐந்து வாரத்தில் கோடு போட்டு முடித்தார். அந்தக் கோடு வெளியானது ஆகஸ்டு 17ஆம் தேதி. சுதந்திரக் கொடி ஏற்றிய பஞ்சாப் கிராமத்துக்காரர், தான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று தெரியாமலேயே ஏற்றினார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இலட்சக்கணக்கில் மாண்டார்கள். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் இந்தக் கொடுமை நடந்திராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கலவரம் முன்பே தொடங்கிவிட்டது உண்மை. ஆயினும் இவ்வளவு அவசரம் நியாயமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சோதிடர்களும் அந்தத் தேதியை எதிர்த்தார்கள், வேறு காரணத்துக்காக. நாள் சரியில்லை என்றார்கள். அரசியல் நிர்ணய சபை 14ஆம் தேதி இரவு கூடி நள்ளிரவில் சுதந்திரத்தை வரவேற்றதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. பாகிஸ்தான் இன்று ஆகஸ்டு 14ஐக் கொண்டாடுகிறது. ஆனால் 1948இல் அந்நாடு வெளியிட்ட முதல் சுதந்திரத் தபால்தலைகளில் அச்சாகியிருப்பது 1947 ஆகஸ்டு 15தான். தபால்தலை சேகரிக்கும் நேயர்கள் வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

தேதி ஒத்துப்போனதில் மகிழ்ந்தவர் ஒருவர் புதுச்சேரியில் இருந்தார். ஸ்ரீ அரவிந்தர் பிறந்தது 1872 ஆகஸ்டு 15. இந்தியா விடுதலை பெற்ற அன்று அவருக்கு 75 வயது நிறைந்தது. திருச்சி வானொலி கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் தந்த செய்தியில், இதைத் தற்செயலாகத் தாம் கருதவில்லை என்று குறிப்பிட்டார். ஆன்மிகவாதியின் பார்வை அது. மவுண்ட்பேட்டனுக்கு அரவிந்தரின் பிறந்தநாள் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அரவிந்தர் வாழ்ந்த புதுச்சேரியோ அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அது சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் 1962 ஆகஸ்டு 16. ஒரு நாளில் தவறிவிட்டது!

கொரியாவிலும் இதே தேதி. 1910 முதல் ஜப்பானிடம் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு 1945 ஆகஸ்டு 15இல் விடுபட்டது. "ஒளி திரும்பிய நாள்" என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்துத் தென்கொரியக் குடியரசை அறிவித்தபோதும் வேண்டுமென்றே இந்த நாளையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று வடகொரியாவும் தென்கொரியாவும் ஒருசேரக் கொண்டாடும் தேசிய விடுமுறை இது ஒன்றே எனலாம். அதே நாளில் சோகமும் வந்தது. 1974இல் சோல் நகரின் முதல் பாதாள ரயில் திறப்பு விழா காணவிருந்தது. அன்று காலை விடுதலை நாள் கூட்டத்தில் அதிபர் பார்க் சுங் ஹீயைக் குறிவைத்த துப்பாக்கிச் சூட்டில் அவருடைய மனைவி உயிரிழந்தார். மறு ஆண்டு அதே ஆகஸ்டு 15இல் வங்காளதேசத்தில் முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவையெல்லாம் தேசங்களின் தேதிகள். நம் தோட்டப்புறத்துக்கு வருவோம்.

என் பாட்டி பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். ஆகஸ்டு 15 என்ற தேதி அவருக்குத் தெரியாது. "சண்டை முடிஞ்ச சேதி" என்று மட்டும் சொல்வார். அந்தச் சேதி லயத்துக்கு வந்தபோது யாரும் ஆடிப்பாடவில்லையாம். மெய்யா பொய்யா என்று தெரியாது. ஜப்பான்காரன் இன்னும் துப்பாக்கியோடு நிற்கிறான். வெள்ளைக்காரன் வரவில்லை. காட்டிலிருந்து இறங்கிய கெரில்லாக்கள் பல ஊர்களைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜப்பானியருக்கு உதவியவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களைத் தண்டித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று வாரம்தான் மிகவும் பயந்த காலம் என்பார் பாட்டி. வாழைமரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்ததும் அவை வெறும் காகிதமாயின.

பாட்டிக்கு ஓர் அண்ணன். 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குத் தனித்தனிக் கல், அதில் பெயர், இறந்த தேதி எல்லாம் இருக்கிறது. பாதை ஓரத்தில் குழி வெட்டிப் போட்ட நம்மவர்களுக்குத் தேதியை எழுதி வைக்க யாரும் இல்லை.

போர் முடிந்த பிறகு சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். ஒவ்வொரு முறை லாரி வரும்போதும் பாட்டி சாலைக்குப் போய் நின்றாராம். அண்ணன் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், "அவரை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேன், தங்கச்சி. அப்புறம் பார்க்கல" என்றார். எந்த மாதம் என்று அவருக்கும் தெரியவில்லை.

இறந்த நாள் தெரிந்தால்தானே திதி கொடுக்க முடியும்? எங்கள் வீட்டில் அவருக்கு ஆடி அமாவாசை அன்று இலை போட்டார்கள். பாட்டி இருந்தவரை அது நிற்கவில்லை.