கல்லாய்ச் சமைந்த கடல்

ஈப்போ நகருக்கு வடக்கே, கிழக்கில் தித்திவாங்சா மலைத்தொடரும் மேற்கில் கிளேடாங் மலைத்தொடரும் அரண்போல் நிற்க, இடையே அமைந்த சிற்றூர் செமோர். ஈயத்தையும் ரப்பரையும் கொண்டே அவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவது வழக்கம். பால்மரங்களின் நிழலில் தேய்ந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு அவ்வரலாற்றில் ஒரு பெரும் பகுதியாகும். ஆயினும், அம்மக்கள் நாள்தோறும் கண்ட வெண்ணிறச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு, ஈயச் சுரங்கத்தினும் ரப்பர்த் தோட்டத்தினும் மிக மூத்ததொரு வரலாறு உண்டு. அது கடலின் வரலாறு.

குன்றின் பிறப்பு

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகள், இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஊழிகளில், ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்தவை என்பர் நிலவியல் அறிஞர். பவள உயிர்கள், கடல் அல்லிகள், சிப்பிகள் ஆகியவற்றின் ஓடுகளும் கூடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிக் கல்லாயின. பின்னர்ப் பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த கருங்கற் குழம்பின் வெப்பம் அக்கல்லின் பெரும்பகுதியைச் சலவைக்கல்லாக மாற்றியது. அதனால் பண்டைய உயிர்களின் சுவடுகள் பலவிடங்களில் அழிந்தன. ஒரு சில இடங்களில் மட்டுமே எஞ்சின. மழைநீர் எஞ்சிய பாறையை அரித்துச் செங்குத்தான குன்றுகளாகவும் குகைகளாகவும் வடித்தது. இச்சிறப்புகள் கருதியே 2018 ஆம் ஆண்டில் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்காவாக ஏற்கப்பட்டது.

கல்லாய்விட்ட இக்கடல் முன்னர் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அறிய விரும்புவோர், உயிருள்ள பவளப்பாறைகளைக் காணல் வேண்டும். தமிழரின் தாயகக் கரையிலேயே அத்தகைய கடல் ஒன்று உண்டு. அதுவே மன்னார் வளைகுடா.

மூச்சடக்கி மூழ்கிய முன்னோர்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருபத்தொரு தீவுகள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும், கடற்புல் வெளிகளும், ஆவுளியா என்னும் கடற்பசுவும், கடலாமைகளும் வாழ்கின்றன. இக்கடலில் முத்தும் சங்கும் எடுப்பது பல நூற்றாண்டுகளாக நிலவிய தொழிலாகும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்', பாண்டிய நாட்டின் கொற்கையில் முத்துக்குளித்தல் நிகழ்ந்ததையும், அதில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதையும் குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இத்தொழிலை விவரித்துள்ளார். அரசரின் அணிகலனில் ஒளிர்ந்த முத்துக்குப் பின்னால் ஓர் ஏழையின் அடங்கிய மூச்சு இருந்தது என்பதை மறத்தலாகாது.

குளிப்பவர் கல்லொன்றின் கனத்தால் விரைந்து கீழிறங்குவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். மூச்சு முடியும் முன்னரே சிப்பிக் கூடையும் மனிதரும் மேலே வந்தாக வேண்டும். வெறுங்கண்ணால் நீருக்கடியில் நோக்குவோர்க்கு யாவும் மங்கலாகவே தெரியும்; கண்ணுக்கும் நீருக்கும் இடையே காற்று நிற்கும்போதே காட்சி தெளிவுறும். இன்று முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதப்பவர் காணும் பவளத்தின் எழிலை, அதன் அருகிலேயே உழைத்த முன்னோர் பலர் தெளிவாகக் கண்டிரார். அவர்களுக்குக் கடலின் அடித்தளம் காட்சிச்சாலை அன்று. வயிற்றுக்கு வழிசெய்த வயல்.

காளவாயில் வெந்த பவளம்

கடலில் மூழ்கியவர் முத்தையும் சங்கையும் எடுத்தபோது பாறை நிலைத்து நின்றது. பாறையையே பெயர்க்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும், கட்டடங்களுக்காகவும், ஆலைகளுக்காகவும் பவளக் கற்கள் தோணி தோணியாக வெட்டி எடுக்கப்பட்டன. அலைகளைத் தடுத்த அரண் குலைந்ததும் தீவுகளின் மணல் கரைந்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986 ஆம் ஆண்டில் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் கல் எடுப்பது உடனே நின்றுவிடவில்லை. 2001 ஆம் ஆண்டில் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையோ, கடலோர அரண்களின் அருமையைக் கரைவாழ் மக்கள் பலருக்கும் உணர்த்தியது.

தூத்துக்குடிக்கு அருகில் தேய்ந்து கொண்டிருந்த வான் தீவைக் காப்பதற்காக, 2015 முதல் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. அவை சிமெந்துக் கலவையால் ஆனவை. சிமெந்தின் மூலப்பொருளோ சுண்ணாம்புக்கல். உயிருள்ள பவளத்தை மனிதர் இலவசமாக வெட்டி எடுத்தனர். அதன் இடத்தை நிரப்பப் பண்டைய கடலின் கல்லைப் பொருள் செலவிட்டு இறக்க நேர்ந்தது. வரலாறு இதனினும் தெளிவாகப் பாடம் புகட்டுதல் அரிது.

மீண்டும் செமோர்

அப்பாடம் செமோருக்கும் உரியதே. அங்குள்ள கந்தான் மலையின் ஒரு பகுதி சிமெந்துத் தொழிலுக்காகப் பல்லாண்டுகளாக உடைக்கப்பட்டு வந்துள்ளது. நாட்டின் வீடுகளும் பாலங்களும் பள்ளிகளும் சிமெந்தின்றி எழுந்திரா. அத்தொழிலால் பல குடும்பங்கள் வாழ்ந்ததும் உண்மை. ஆயினும், கதவு அமைத்த வளையில் வாழும் ஒரு தொன்மையான சிலந்தி, 1997 ஆம் ஆண்டில் இம்மலையின் பெயராலேயே அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. 2014 ஆம் ஆண்டில் இங்கேயே ஒரு சிறு நத்தையும் புதிய இனமென விவரிக்கப்பட்டது. கண்டறியப்படும் முன்னரே அழிந்த உயிர்கள் எத்தனையோ! உடைந்த குன்று மீண்டும் வளர்வதில்லை.

மலேசியக் கடலிலும் எச்சரிக்கை ஒலித்துள்ளது. பாயார், ரெடாங், தியோமான் முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதிகள் 1994 ஆம் ஆண்டின் ஆணையால் கடற்பூங்காக்களாயின. எனினும், கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றால், பவளத்திற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி அதனை விட்டு நீங்குகிறது, பவளம் வெளிறுகிறது, வெப்பம் நீடித்தால் இறக்கிறது. 2010 ஆம் ஆண்டில் இவ்வாறு நேர்ந்தபோது, ரெடாங், தியோமான் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. எல்லையில் வேலியிட்டுக் கடலைக் காக்கலாம்; வெப்பத்திற்கு வேலியில்லை.

செமோர்க் குன்றின் கல்துண்டு ஒன்றையும், கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு ஒன்றையும் தனித்தனியே பொடித்து, அவற்றின்மீது புளிக்காடியைச் சில துளிகள் விட்டால் இரண்டும் நுரைக்கும். வகுப்பறையிலேயே செய்துகாட்டத்தக்க எளிய சோதனை இது. இரண்டும் ஒரே பொருள். ஒன்று முடிந்துபோன கடல், மற்றொன்று முடியாதிருக்க வேண்டிய கடல். தோட்டப்புறத்திலிருந்து வந்து குன்றின் அடிவாரத்தில் பயிலும் மாணவனுக்கு இவ்வுறவை உணர்த்துவது ஆசிரியரின் கடமையாகும். உணர்ந்த மாணவன் தன் ஊர்க் குன்றை வெறுங்கல் என்று எண்ணான்; கடலின் பவளத்தையும் அவ்வாறு எண்ணான்.