மூன்று லட்சம் ரூபாயின் கதை

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்து சில வாரங்களில் நம் மாணவர்களை ஒரு கூச்சம் பிடித்துக்கொள்கிறது. "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பிலேயே கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் கல்லூரிகள் இன்றும் இருக்கின்றன. எழுந்து நிற்கிற பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யார் கேட்டு வாங்கியது என்று நமக்கு யாரும் பாடத்தில் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கூடவே, அதே மனுவில் கேட்கப்பட்டு நாம் மறந்துபோன இன்னொரு கோரிக்கையைப் பற்றியும்.

பரோடாவிலிருந்து தொடங்க வேண்டும். அம்பேத்கர் பம்பாயில் பி.ஏ. படித்தது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த மாதம் 25 ரூபாயில். 1913இல் அதே மன்னர் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுகளுக்கு. பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். மன்னர் சீர்திருத்த மனம் கொண்டவர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அது ஒரு தனி மனிதரின் மனத்தை நம்பி நின்ற ஏற்பாடு. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்த அம்பேத்கர், உதவித்தொகையின் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்ப வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவருக்குப் பரோடாவில் தங்க வீடு கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கூடக் கோப்பைக் கையில் தராமல் மேசையில் வீசினார். சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். கொலம்பியாவில் படித்தவருக்கு இந்த நிலை.

பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அதில் சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனா தந்த கடன் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு 1920இல் மறுபடி லண்டன் போனார். 1922இல் பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்சி.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். பாரிஸ்டர் பட்டத்தோடு வந்தவரிடம் வழக்கறிஞர் சன்னது வாங்கக் காசில்லை. மறுபடியும் அதே நண்பர்தான் உதவினார். சன்னது கிடைத்தும், அன்றைய பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பாரிஸ்டருக்கு வழக்கு வர வேண்டுமென்றால் சொலிசிட்டர்கள் கொடுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரைத் தேடி அவர்கள் வரவில்லை. கீழ் நீதிமன்ற வழக்குகளை நடத்திக்கொண்டு, 1925 முதல் ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டப் பாடம் எடுத்துச் சமாளித்தார். படிப்புக்கான பணத்தை எப்படியோ புரட்டிவிட முடிந்தது. தொழிலுக்குள் நுழைகிற கதவு வேறு பூட்டுப் போட்டிருந்தது.

சென்னை மாகாணத்தில் 1920இல் தொழிலாளர் ஆணையர் என்ற பதவியின் கீழ் ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளிகள், விடுதிகள், உதவித்தொகைகள் தொடங்கின. 'லேபர் ஸ்கூல்' என்று நம் தாத்தாக்கள் சொன்னது அதைத்தான். எம்.சி.ராஜா போன்றவர்கள் சட்டமன்றத்தில் விடாமல் பேசியதால் அது வளர்ந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கே இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இனி 1942. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்த ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி வைசிராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனுவைத் தந்தார். கல்விக்கென்று அவர் கேட்டது இவ்வளவுதான்: அறிவியல், தொழில்நுட்பம் படிக்கிற பட்டியல் சாதி மாணவர்களின் உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 2 லட்சம், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம். 1944இல் அரசு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்கிற உதவித்தொகைத் திட்டத்தின் பிறப்பு அதுதான். 1948-49இல் பழங்குடியினருக்கும் அது விரிந்தது. பரோடா மன்னரின் கையிலிருந்த ஒன்று அரசின் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியாக மாறியது என்பதுதான் இதில் பெரிய செய்தி. மன்னர் மனம் மாறினால் யாரிடமும் போய் முறையிட முடியாது. வரவு செலவுக் கணக்கில் இருக்கிற வரியைக் காட்டிச் சண்டை போடலாம்.

அந்த மனுவில் சட்டம் படிக்கிற நம்மவர்களைச் சீண்டும் ஒரு கருத்தும் உண்டு. கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் பட்டியல் சாதியினருக்குப் பெரிய பயன் தராது, உயர்தர அறிவியல் கல்வியே தேவை என்கிறார் அந்த பாரிஸ்டர். சொலிசிட்டர்கள் திரும்பிப் பார்க்காத அந்த ஆண்டுகளும் இந்த வாதத்துக்குள் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் ஒரு சட்டக் கல்லூரியையும் நடத்தியது. ஆகவே அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறந்துபோன கோரிக்கை என்றோமே, அது இது: அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் அவர் அதே மனுவில் கேட்டார். பணம் மட்டும் போதாது, கைப்பழக்கம் கிடைக்கிற இடமும் வேண்டும் என்று 1942லேயே அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் இன்டர்ன்ஷிப். 3 லட்சம் ரூபாய் சண்டை போட்டு வளர்ந்தது. பயிற்சி இடம் அப்படி வளரவில்லை.

பணத்தின் கதையும் நேராகப் போகவில்லை. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவழித்ததோ அது அந்த மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு மேல் ஆவதை மட்டும் ஒன்றியம் தரும் என்பது பழைய கணக்கு. 2017க்குப் பிறகு மாநிலங்களின் சுமை ஏறியது, நிலுவை குவிந்தது, கல்லூரிகள் மாணவர்களின் கழுத்தைப் பிடித்தன. பல போராட்டங்களுக்குப் பிறகு 2020 டிசம்பரில், ஐந்தாண்டுகளுக்கு 59,000 கோடி ரூபாய், ஒன்றியம் 60 பங்கு, மாநிலம் 40 பங்கு என்று முடிவானது. ஆனால் 2013இல் வைத்த 2.5 லட்சம் வருமான வரம்பைத் தொடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்பா அம்மா இருவரும் நாளுக்கு 400 ரூபாய்க்கு, மாதம் 26 நாள் கூலிக்குப் போனால் ஆண்டுக்கு 2,49,600. கூலி பத்து ரூபாய் ஏறினால் பிள்ளைக்குப் படிப்புதவி கிடையாது!

வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. 2022இல் அதில் ஒரு விதியை நுழைத்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளுக்குப் பணம் இல்லை. 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. அவர் இன்று விண்ணப்பித்தால் அவரையே தள்ளிவிடும் விதி இது.

இப்போது சட்டக் கல்லூரி. இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்கள், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்கள் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரே தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. கட்டாயம் மாணவருக்குத்தான். இடம் கொடுத்தே ஆக வேண்டும், சோற்றுக்காவது காசு தர வேண்டும் என்ற கட்டாயம் சீனியருக்கு இல்லை. சித்தப்பா வழக்கறிஞராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் கிடைக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வருகிற பெண், சென்னையில் நான்கு வாரம் தங்கும் செலவுக்கே கடன் வாங்க வேண்டும். அலுவலகத்தில் அவளிடம் முதலில் கேட்கப்படுவது ஊர், தெரு, அப்பாவின் தொழில். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் மாதம் தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்களுக்கு. மாணவர்கள் அதில் வரமாட்டார்கள்.

எனவே எங்களிடம் கேட்கிற மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். பணத்துக்கு: சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் கல்லூரி திறக்கும் முன்பே கையில் வைத்திருங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கிக்கே போய்க் கேளுங்கள், பாதிப் பேருக்குப் பணம் நிற்பது அங்கேதான். தனியார் கல்லூரி என்றால் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92இன் நகலும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பணம் வராது என்ற எச்சரிக்கையும் தேவை. கட்டணத்தை முன்பணமாகக் கேட்டால், 'ஃப்ரீஷிப் கார்டு' காட்டிச் சேர ஒன்றியத்தின் திட்ட விதியிலேயே இடம் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிடைத்தவர்கள், 2007 முதல் இருக்கும் 'டாப் கிளாஸ்' திட்டத்தில் தங்கள் கல்லூரி பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். நுழைவுத் தேர்வுக்கே வழி தெரியாதவர்களுக்கு, ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா அமைப்பு பயிற்சி தருகிறது.

பயிற்சி இடத்துக்கு: பெரிய அலுவலகத்தின் வாசலில் காத்திருக்கும் முன் சொந்த மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்யுங்கள். தேசிய மனித உரிமை ஆணையமும் மாணவர்களை எடுக்கிறது. அதைவிட முக்கியமாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே வழக்கு நடத்தும் ஒருவரோடு நான்கு வாரம் உட்காருங்கள். சாட்சிகள் எப்படிப் பிறழ்கிறார்கள், 2015இல் சேர்த்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்குத் தந்த உரிமையை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைக் குறிப்பெடுங்கள்.

இதே உதவித்தொகையில் படித்து இன்று அலுவலகம் வைத்திருக்கும் அண்ணன்கள், அக்காக்களிடமும் ஒரு வேண்டுகோள். மே மாதம் நீதிமன்ற விடுமுறை. அதற்கு முன் ஏப்ரலில் ஒரு மாணவருக்கு இடம் கொடுங்கள், பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் உங்கள் பொறுப்பில். எந்த ஊர், எத்தனை வாரம் என்று எழுதி அனுப்பினால் மாணவரை நாங்கள் அனுப்பி வைக்கிறோம்.