கருப்பைவாய்ப் புற்றுநோய்: அறிகுறி தோன்றும் முன்பே பரிசோதனை

கருப்பையின் கீழ்ப்பகுதியான கருப்பைவாயில் உண்டாகும் இப்புற்றுநோய், இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுகிறது. இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய். எனினும், 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் 9.8 விழுக்காட்டினரே இதற்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டுள்ளனர். இந்திய அளவில் இது 1.9 விழுக்காடு மட்டுமே.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

எச்.பி.வி. எனப்படும் வைரஸின் சில வகைகளே இதற்குக் காரணம். இத்தொற்று மிகப் பரவலானது. பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடும். சிலருக்கு மட்டும் நீடித்து, கருப்பைவாய்ச் செல்களை மாற்றுகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். அக்காலத்தில் வலியோ வேறு தொல்லையோ இராது. ஆகவே, நலமாக இருப்பதாக உணரும்போதே பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

பரிசோதனை முறை

பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்வையிடுவார். மாற்றமடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். அறுவையோ மயக்க மருந்தோ தேவையில்லை. சிறிது அசௌகரியம் ஏற்படலாம். அன்றே வீடு திரும்பலாம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து வருதல் நல்லது.

தமிழ்நாட்டில் கிடைத்த சான்று

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் இப்பரிசோதனையைச் செய்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில், அழைக்கப்படாத பகுதிகளைவிட இப்புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. நோய் உண்டாவதும் 25 விழுக்காடு குறைந்திருந்தது. முடிவுகள் 2007இல் வெளியாயின. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ்த் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனை, பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

பெண்கள் தயங்குவது ஏன்?

“எனக்கு ஒன்றுமில்லையே” என்ற எண்ணம், கூச்சம், முடிவு குறித்த அச்சம், ஒருநாள் கூலியை இழக்க நேரும் நிலை ஆகியவை முக்கியக் காரணங்கள். காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் மீன்பிடி சார்ந்த தொழில்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் மகளிர், தங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பரிசோதனை நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, வேலை முறைக்கு ஏற்பத் திட்டமிடலாம். பெண் செவிலியரே பரிசோதிக்க வேண்டுமெனக் கேட்கலாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

‘மாற்றம் உள்ளது’ என்றால்?

அது புற்றுநோய் என்று பொருளல்ல. அம்பிளிக்கை ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இம்முடிவு வந்தது. அவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் இருந்தது. அடுத்து, உருப்பெருக்கிக் கருவி மூலம் கருப்பைவாயைப் பார்க்கும் கால்போஸ்கோப்பியும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்யப்படும். ஆரம்ப மாற்றங்களைக் கருப்பையை அகற்றாமலே குளிரூட்டியோ வெப்பமூட்டியோ நீக்கலாம். இந்த இரண்டாம் வருகையைத் தவிர்த்தால் முதல் பரிசோதனையின் பயன் வீணாகும்.

நினைவில் கொள்க

• 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்க. மாதவிடாய் நின்றவர்களுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும்.
• உடலுறவுக்குப் பின்போ மாதவிடாய் நின்ற பின்போ இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருப்பின், பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுக.
• எச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமியருக்கு 9 முதல் 14 வயதுக்குள் செலுத்துவது சிறந்தது. தடுப்பூசி பெற்றவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.