பாலாற்றுப் படுகையில் ஏரி வாரியமும் குடிமராமத்தும்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஓரத்தைக் கடந்து, வாணியம்பாடி வழியாகத் தமிழகத்துக்குள் வந்து வயலூர் அருகே கடலில் சேர்கிறது. அதன் 348 கி.மீ. நீளத்தில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டில் சில நாள் மட்டும் வெள்ளம் காட்டி மற்ற நாளெல்லாம் மணலாய்க் கிடக்கும் இந்த ஆற்றை நம்பித்தான் தொண்டை மண்டலம் நெற்களஞ்சியம் ஆயிற்று. ஓடுகிற நீரை ஏரிகளில் நிறுத்தினார்கள். மணலுக்கடியில் ஓடிய நீரை ஊற்றுக்கால் வெட்டி வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டையும் ஆண்டுதோறும் செப்பனிடக் கைகளும் காசும் வேண்டியிருந்தன. அவற்றைத் திரட்டிய ஊர்க்குழுக்களின் வரலாறு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

பல்லவ மன்னர்கள் ஏரி வெட்டியதைக் கோயில் எடுத்ததற்குச் சமமான புகழாகக் கொண்டனர். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த விண்ணகரம் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. மாமண்டூர் ஏரிக்குச் சித்திரமேக தடாகம் என்று பெயர். கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற காலையும் குறிப்பிடுகிறது. காவேரிப்பாக்கம் ஏரி மூன்றாம் நந்திவர்மன் காலத்தது. உத்திரமேரூர் ஏரியைக் கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்கின்றன. வெட்டியவர் பெயர் ஏரிக்கு நின்றது. ஆண்டுதோறும் தூர் வாரியவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றியும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையைப் பற்றியும் இம்மலரின் வாசகர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் முறையை வியப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இரண்டு செய்திகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வது தகும்.

முதலாவது, வாரியங்கள் எனப்பட்ட ஊர்க்குழுக்களின் வரிசை. குடும்பு என்ற ஊர்ப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒருவராக முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். சம்வத்சர வாரியத்துக்குச் செல்பவர்கள் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களாகவும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களாகவும் இருத்தல் வேண்டும். ஊரின் ஆண்டு நிர்வாகத்தில் அமர விரும்புகிறவன் முதலில் மதகும் கலிங்கும் கண்டு வந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இன்று நீர்ப்பாசனப் பொறுப்பைச் சிறிய பதவியாக எண்ணுவோர் இந்த வரிசையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, கணக்கு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவன். அவனோடு விலக்கு நிற்கவில்லை. சிற்றவ்வை, பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர் என்று உறவு முறை முழுவதும் விலக்கப்பட்டது. வாரியப் பொறுப்பு 360 நாள். அதற்குள் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். ஒருமுறை வாரியம் செய்தவன் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஏரியில் நீர் நின்றதற்கு இவ்விதிகளும் ஒரு காரணம் என்று துணிந்து கூறலாம். ஏரி வாரியத்தின் கையில் பொன் இருந்தது. அடியார்கள் கொடுத்த பொன்னின் வட்டி, ஏரிப்பட்டி நிலத்தின் விளைவு, ஏரி ஆயம், மீன்பாசியின் வருவாய் ஆகியவை தூர்வாரும் செலவுக்கு வந்தன. ஓடம் வைத்து ஏரியின் உள்ளே மண் எடுத்துக் கரையில் கொட்டுவதற்கென்றே அறக்கட்டளைகள் ஏற்பட்டன. கல்வெட்டின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவர் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளன் வணங்குவான். அறத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் கொள்வான்.

அந்த வாரியத்தில் அமர்ந்தவர்கள் நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய பிராமண சபையினர். கரையில் மண் சுமந்தவர்கள் அதில் இடம்பெறவில்லை. வெட்டி, அமஞ்சி என்ற பெயர்களில் கூலியின்றி உழைத்தவர்களும் அக்காலத்தில் உண்டு. பெருமையோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீர்நிலை காத்தலை இலக்கியங்கள் எவ்விடத்தில் வைத்தன என்பதற்குச் சான்றுகள் பல. புறநானூற்றின் 18-ஆம் பாடலில் குடபுலவியனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறுகிறார்: மறுமைச் செல்வம் வேண்டினாலும், ஒப்பற்ற ஆட்சி வேண்டினாலும், நிலைத்த புகழ் வேண்டினாலும், நிலம் பள்ளமான இடத்தில் நீரைத் தேக்கு. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் சுவர்க்கம் செல்வதற்கு ஐந்து வழி சொல்கிறது. குளம் தோண்டுதல், கரையில் மரம் நடுதல், மக்கள் நடக்க வழி செதுக்குதல், தரிசை வயலாக்குதல், கிணறு அமைத்தல். குளம் தோண்டியதோடு நிற்காமல் மரம், வழி, வயல், கிணறு என்று சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே அறமாகக் கண்டது இந்நூல். நீர்ப்பிடிப்பு என்று இன்று பாடநூல்கள் விளக்கும் கருத்தின் பெரும்பகுதி அதனுள் அடங்கும்.

பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதைக் கபிலர் 118-ஆம் புறப்பாட்டில் காட்டுகிறார். எட்டாம் நாள் பிறைபோல வளைந்த கரையுடைய பறம்பின் சிறுகுளம், பாரி இறந்தபின் உடைகிறது. காக்க ஆளில்லாமல் போயிற்று என்பதே அதன் துயரம். அகநானூற்றில் ஒரு தாய் மகளைக் காவல் காக்கும் விழிப்புக்குப் பெருங்குளத்தின் காவலனுடைய உறக்கமின்மை உவமையாகிறது. குளக்காவலன் என்பவன் அக்காலத்து ஊரார் நேரில் கண்ட மனிதன் என்பதற்கு இது போதும்.

சான்றுகள் எல்லாவற்றிலும் மேலானது பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலம். வையை பெருகியது, கரையை அடைக்கக் குடிகள் அனைவர்க்கும் அளந்து பங்கு விடப்பட்டது. பிட்டு விற்கும் வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு. ஆள் இல்லாத அவளுக்குச் சோமசுந்தரக் கடவுள் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றார், கூடையைச் சுமந்து ஆடினார், பாடினார், உறங்கினார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் நின்றது கண்டு பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் மீதும் அரசி மீதும் எல்லா உயிர் மீதும் பட்டது. ஆவணி மூலத்தில் மதுரை இன்றும் இதைக் கொண்டாடுகிறது. பக்தர்கள் இதில் இறைவனின் எளிமையைக் காண்பர், அது உண்மை. அதோடு, கரையில் பங்கில்லாத குடி இல்லை என்ற ஊர் வழக்கமும் முதுமைக்கும் ஏழ்மைக்கும் விலக்குத் தராத அதன் கடுமையும் இப்படலத்தில் பதிவாகியுள்ளன. ஒருவர் பங்கு அடையாவிட்டால் வெள்ளம் அந்த இடத்தில் புகும். மற்றவர்கள் அடைத்ததெல்லாம் வீண்.

பாலாற்றங்கரையில் இந்தப் பங்கு முறை குடிமராமத்து என வழங்கியது. கோடையில் ஊற்றுக்கால் வாருதல் அதன் முதன்மையான வேலை. ஆற்று மணலில் நீளமாக வெட்டிய கால் ஒவ்வொரு வெள்ளத்திலும் தூர்ந்துபோகும். பாசனம் பெறும் ஊர்கள் நில அளவுக்கேற்ப ஆள் அனுப்பி மீண்டும் வெட்டும். ஏரிக்கரையின் எலிவளை அடைத்தல், வரத்துக்காலில் கோரையும் முள்ளும் அகற்றுதல், கலிங்கில் பலகை நிறுத்துதல் ஆகியவையும் இதில் அடங்கும். மதகைத் திறந்து மூடி, வயலுக்கு முறை வைத்து நீர் விடுபவர் நீர்க்கட்டி. அவருக்கு அறுவடையில் களத்து நெல் கூலி. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர். ஆகவே ஓர் ஊரின் கலிங்கை ஒரு சாண் உயர்த்தினாலும் கீழூர் சண்டைக்கு வரும். தனி ஊரின் குழுவுக்கு எல்லை எங்கே முடிகிறது என்பதை மாமூலும் சில சமயம் தடியடியும் தீர்மானித்தன.

ஆங்கிலேயர் வருகைக்குச் சற்று முன்புவரை செங்கல்பட்டுச் சீமையின் ஊர்கள் மொத்த விளைச்சலில் ஒரு பகுதியை ஏரிப் பராமரிப்புக்கென்று பிரித்து வைத்திருந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் பார்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய கணக்கெடுப்பு இதைக் காட்டுகிறது. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி அந்தப் பங்கை வருவாயோடு சேர்த்துக்கொண்டது. மதுராந்தகம் ஏரியை இராமபிரான் காத்த வரலாற்றில் வரும் கலெக்டர் லயோனல் பிளேஸ் போன்ற ஓரிருவர் ஏரிகளில் அக்கறை காட்டியது உண்மையே. எனினும் ஊரின் கையிலிருந்த நிதி போனபின் கடமை மட்டும் குடிகளிடம் எஞ்சியது. அதையும் அவர்கள் விடத் தொடங்கியபோது, 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. கரை உடையும் அபாயத்தில் ஆள் பிடிக்கவும், வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அது அதிகாரம் தந்தது. சட்டம் வந்தும் குடிமராமத்து மீளவில்லை. நீரும் நிதியும் கணக்கும் ஒரே கையில் இருந்தவரை தானாக நடந்த வேலை, மூன்றும் பிரிந்தபின் பிரம்புக்கும் பணியவில்லை.

அண்மைக் காலத்தைச் சுருக்கமாகக் கூறினால் போதும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதைக் குறித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்றும் அறிவித்தது. ஓர் ஊரின் தன்னார்வ மன்றம் நாடு முழுமைக்கும் பெற்றுத் தந்த நெறி இது. பாலாற்றின் துணையாறான நாகநதியில் வேலூர் மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நீர்செறிவுக் கிணறுகளும் தடுப்புகளும் அமைத்தனர். அதற்கு நூறு நாள் வேலைத் திட்டக் கூலி கிடைத்தது. வெட்டியும் அமஞ்சியுமாக இருந்த நாளைவிட இது நியாயமானது.

தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டம் பாசன விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் சங்கங்களுக்கு வழி செய்தது. 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியபோது செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் ஏற்க வேண்டும் என்று வைத்தது. அந்தப் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ கொடுத்து, கணக்கைக் கேட்டு வாங்கும் ஊர்கள் பாலாற்றங்கரையில் பெருக வேண்டும். இளைஞர் மன்றங்கள் முன்வர வேண்டும். ஆயினும் சங்கத்தின் எல்லை அதன் ஆயக்கட்டோடு முடிகிறது. பாலாற்றின் நீர்ப்பிடிப்போ மூன்று மாநிலங்களில் பரந்துள்ளது. அதன் மேல்பகுதியைப் பற்றிய உடன்பாடு 1892-இல் சென்னை, மைசூர் அரசுகள் செய்துகொண்டது. கரையோர ஊர்கள் எதற்கும் அதில் இடமில்லை.